பயத்துக்கு ஐந்து கட்டங்கள்

வெளியே போய்விட்டு வீட்டுக்கு வருபவரின் அருகில் போக நீங்கள் தயங்குகிறீர்களா?

இந்தக் கேள்வியைத் தமிழில் எழுதியவள் நான்தான். கொரோனா வந்த முதல் வருஷம், தொலைபேசியில் எத்தனையோ பேருக்கு இதை வாசித்திருக்கிறேன். ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில சமயம், அடிக்கடி, எப்போதும் என்று ஐந்து விடைகள். அவர்கள் சொல்வதற்கு நேரே உள்ள கட்டத்தில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். எனக்கான கட்டம் எதுவென்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

நான் உளவியல் படித்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டிருந்தேன். ஊரடங்கு தொடங்கிச் சில வாரங்களில், எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியை கூப்பிட்டார். நகரத்து மக்கள் இந்த நோய்க்கு எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று ஒரு கேள்வித்தாளை வைத்து அளக்கப் போவதாகச் சொன்னார். வீட்டிலிருந்தே பேசலாம், நல்ல தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். ஒன்றரை வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு முடியுமா, முடியாமல் போனால் அவர் என்ன நினைப்பார் என்றெல்லாம் யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் சரி என்று சொல்லியிருந்தேன்.

உண்மையில், பேசுவதற்கு யாராவது கிடைத்தால் போதும் என்றிருந்தது. மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், முதல் மாடியில் எங்கள் வீடு. அதில் நானும் மகளும் மட்டும் இருந்தோம். என் கணவர் அடையாறில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவர். நெஞ்சு ஸ்கேனுக்கு வருபவர்களின் கூட்டம் தாங்க முடியாமல் போனபோது, அங்கே வேலை செய்பவர்களுக்காகத் தி.நகரில் ஒரு லாட்ஜைப் பிடித்துக் கொடுத்தார்கள். வீட்டில் குழந்தை இருப்பவர்கள் அங்கே தங்கிக்கொள்ளலாம். அவர் ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எவ்வளவு நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் பெரிய தூரமா என்ன? சாதாரண நாளில் ஒரு பிளவுஸ் துணிக்காகப் போய்விட்டு, குக்கர் வைக்கிற நேரத்துக்குத் திரும்பிவிடுவேன். அந்த மாதங்களில் அது வேறு ஊர்போல ஆகிவிட்டது.

மத்தியானம் மகள் தூங்கியதும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். பேராசிரியை கண்டிப்பானவர். "கேள்வியை இருக்கறபடியே வாசிங்க. விளக்காதீங்க, உதாரணம் சொல்லாதீங்க, உங்க கதையைச் சொல்லவே சொல்லாதீங்க. அவங்க சொல்றது அஞ்சுல ஒண்ணா இல்லேன்னா, அஞ்சையும் மறுபடி வாசிங்க."

அவரும் நானும் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. அப்போது மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து காய்ச்சல் உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். உண்டு என்றால் பரிசோதனை, பரிசோதனையில் தெரிந்தால் வாசலை அடைத்துத் தகரம். கணக்கெடுப்பு என்றாலே ஜனங்களுக்கு அதுதான். நான் பயம் இருக்கிறதா என்று கேட்டால், அதையும் சளி, இருமல்போல ஓர் அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு மாமா, நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் சொன்னார்: "பயம்னு எழுதிண்டேள்னா ஆத்து வாசல்ல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிடுவா. நன்னா இருக்கோம்னு போட்டுக்கோங்கோ." தி.நகரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு தெற்கத்திக்காரர், "பயமெல்லாம் கிடையாதும்மா. கடைய எப்பத் திறக்கலாம்னு உங்க தாள்ல ஒரு கேள்வி வச்சிருக்கியளா?" என்று கேட்டார்.

சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்த அம்மாளிடம் பேசியது அப்படியே நினைவிருக்கிறது.

"வணக்கம்மா. கொரோனா பத்தி ஒரு சின்னக் கணக்கெடுப்பு..."

"இங்க யாருக்கும் ஜொரம் கிடையாது."

"ஜுரம் பத்தி இல்லம்மா. பயம் பத்தி."

"பயமும் கிடையாது. சளி, இருமல், பயம், ஒண்ணியும் இல்ல. எளுதிக்கோ."

"எதுவா இருந்தாலும் சொல்லலாம். உங்க பேர் வெளிய வராது."

"இப்டித்தான் பக்கத்து சந்துல கேட்டுக்கினு வந்தாங்கோ. மறுநாளு தகரம் அடிச்சிட்டுப் போய்ட்டாங்கோ. நான் இன்னா லூசா?"

ஒரு வழியாகக் கேள்விகளைத் தொடங்கினேன். வெளியே போய்விட்டு வருபவரின் அருகில் போகத் தயங்குகிறீர்களா என்று வாசித்ததும் சிரித்துவிட்டார்.

"ஒரே ரூமு. தயங்குனா எங்க போவ? கூவத்துல தான் நிக்கணும்."

நான் ஐந்து விடைகளையும் மறுபடி வாசித்தேன்.

"அத்த வுடு. உன் ஊட்டுக்காரரு இன்னா பண்றாரு?"

சொல்லியிருக்கக் கூடாது. "ஆஸ்பத்திரில வேலைம்மா" என்று சொல்லிவிட்டேன்.

"அய்ய. அப்ப உன்ன தான் கேக்கணும் நானு. வூட்டுக்கு வராரா?"

"இல்ல. லாட்ஜுல தங்கியிருக்கார்."

"கொயந்த கீதா?"

"ஒரு பொண்ணு."

"அப்பன கேக்குதா?"

நான் அடுத்த கேள்வியை வாசிக்கத் தொடங்கினேன். "சரி வுடு. எல்லாத்துக்கும் நல்லதா பாத்துப் போட்டுக்கோ" என்று வைத்துவிட்டார். அந்தத் தயக்கக் கேள்விக்கு மட்டும் 'பதில் இல்லை' என்று குறித்தேன்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, என் ஊரில் ஒருவருக்கும் பயமே இல்லை என்று வந்தது. பேராசிரியை போனில் பெருமூச்சு விட்டார். "ஊரே வீரர்களா இருக்காங்களேம்மா."

மகள் அப்பாவைக் கேட்டாள்தான். அவருக்கு விடுப்பு கிடைக்கும் நாளில் பைக்கில் வந்து எங்கள் சந்தில் நிற்பார். எதிரே இஸ்திரி வண்டி ஒன்று பூட்டிக் கிடக்கும். அதன் பக்கத்தில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றி, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி முகத்தைக் காட்டுவார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக் கம்பியோடு ஒட்டி நிற்பேன். "மூச்சை இழுங்க" என்று அவர் கீழேயிருந்து சொல்வார். ஸ்கேன் மேஜையில் படுத்திருப்பவர்களிடம் தினமும் சொல்கிற வார்த்தைதான். அவள் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பாள். "அப்படியே பிடிங்க... ம், விடுங்க." அவள் ஊதுவாள். இருவருக்கும் சலிக்காத விளையாட்டு அது. அவர் கிளம்பியதும் அவள் வெகுநேரம் கன்னத்தை உப்பியபடியே இருப்பாள், விடச் சொல்ல ஆளில்லாமல். நான் சொன்னால் விடமாட்டாள்.

லாட்ஜைத் திருப்பிக் கொடுத்தபோது மழைக்காலம் வந்திருந்தது. அவர் வீட்டுக்கு வந்த அன்று வெந்நீர் போட்டு, துண்டும் மாற்றுத் துணியும் குளியலறையில் வைத்துவிட்டு, நான் சமையலறை வாசலில் நின்றேன். அவர் கதவருகில் நின்றார். நடுவில் கூடம். கிட்டே போகலாமா என்று நான் அவரைப் பார்த்தேன். வரலாமா என்று அவர் என்னைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அவர் குளிக்கப் போனார். யார் முதலில் தயங்கினோம் என்பதை இத்தனை வருஷம் யோசித்தும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

குளித்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார். அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு பால்கனிக்கு ஓடிக் கம்பி வழியாகக் கீழே பார்த்து, "அப்பா" என்று கூப்பிட்டாள். இஸ்திரி வண்டியின் பக்கத்தில் யாரும் இல்லை. அவர் எழுந்து போய் அவளுக்குப் பின்னால் முட்டி போட்டு, "மூச்சை இழுங்க" என்றார். அவள் திரும்பினாள்.

இது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வாசலில் சானிடைசர் வைக்கும் வழக்கம் எல்லா வீட்டிலும் போய்விட்டது. பேருந்தில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு போகிறோம். இஸ்திரி வண்டியும் திறந்துவிட்டது. என் கணவர் மட்டும் இன்னும் அன்று வந்ததுபோலவே வீட்டுக்கு வருகிறார். செருப்பை வெளியே விடுகிறார். கைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எதையும் தொடாமல், தோளால் குளியலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறார். குளித்து வந்த பிறகுதான் மகளைத் தூக்குவார். தூக்கினால் இறக்கமாட்டார், அதுவும் உண்மை. அவளும் பழகிவிட்டாள். குளியலறைக்கு வெளியே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பள்ளியில் நடந்ததையெல்லாம் கதவிடம் சொல்வாள்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள், விடாமல் இருமுகிறவர்கள் என்று தினமும் பலரைப் பார்க்கிறார். ஒரே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த முதல் வருஷத்தில், ஸ்கேன் மேஜையில் படுத்திருந்த ஒருவர், "நேத்து குழந்தைக்கு முத்தம் கொடுத்துட்டேனே சார், அதுக்கு ஏதாவது ஆயிடுமா?" என்று கேட்டாராம். இவர் படம் எடுப்பவர்தான், டாக்டர் இல்லை. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாராம். அவர் பிடிக்க முடியாமல் அழுதாராம்.

ஆனால் எனக்கு அதற்கு முந்தைய வருஷம் வேண்டியிருக்கிறது. சாப்பாட்டுப் பை தோளில் தொங்கத் தொங்க, வாசல்படியிலேயே குழந்தையை வாங்கிக்கொள்வார். பை அவள் காலில் இடிக்கும். அவர் சட்டையில் மருத்துவமனை வாடையும் வியர்வையும் இருக்கும். "குளிச்சிட்டு வாங்களேன்" என்று நான் தினமும் கத்துவேன். "இருடி, ஒரு நிமிஷம்" என்பார். அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளமானது என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த வாடைக்காக நான் இன்று ஏங்குகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்.

போன மாதம் பேராசிரியை மறுபடி கூப்பிட்டார். அதே கேள்விகளை இப்போது மக்களிடம் கேட்டுப் பார்க்கப் போகிறார்கள். நான் தமிழைச் சரிபார்க்க வேண்டும். வாக்கியங்கள் காதில் எப்படி விழுகின்றன என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவரிடம் வாசித்தேன். எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றார். அந்தக் கேள்வி வந்தது.

"தயங்கறதுன்னா?"

"விளக்கக் கூடாது."

சிரித்தார். "அப்ப ஒருபோதும் இல்லைன்னு போடு. தயக்கம்லாம் இல்ல. பழக்கம், அவ்வளவுதான்."

பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த மகள், "அப்பா குளிச்சாதான் அப்பா" என்றாள்.

"குளிக்கலேன்னா?" என்று அவர் கேட்டார்.

"ஸ்கேன் அங்கிள்."

மூவருமே சிரித்தோம். அவர் கொஞ்சம் சீக்கிரம் நிறுத்திக்கொண்டதுபோல எனக்குத் தோன்றியது. நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனோ என்னவோ.

அடுத்த வாரம் அவளுக்கு முதல் பல் விழுந்தது. சாயங்காலம் பைக் சத்தம் கேட்டதும் பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அவர் படியேறி வந்தவர், அவள் ஓடி வருவதைப் பார்த்ததும் கைகளை உயர்த்திக்கொண்டு ஒரு படி கீழே இறங்கினார். அவள் வாசல் மிதியடியில் கால் வைத்த இடத்திலேயே நின்றாள். யாரும் நில் என்று சொல்லவில்லை. கையை மூடிக்கொண்டு, "குளிச்சிட்டு வாங்கப்பா, அப்புறம் காட்டறேன்" என்று சொல்லிவிட்டு முக்காலியை எடுக்கப் போனாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அவர் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றார். கை இன்னும் இறங்கவில்லை. ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவரும் நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாரா என்று தெரியவில்லை. பிறகு உள்ளே வந்து, தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு குளிக்கப் போனார்.

இதை வாசிப்பவர்களில் மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் இருக்கலாம், அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் இருக்கலாம். உங்களிடம் கேட்கிறேன். வாசலிலேயே அவளைத் தூக்குங்கள் என்று நான் அவரிடம் சொல்லலாமா? சொல்லி, அவர் தூக்கி, அவளுக்கு ஒரு சளி பிடித்தால்கூட அவர் தன்னை மன்னிக்கமாட்டார். சொல்லாமல் விட்டால், இன்னும் கொஞ்ச நாளில் அவள் தூக்கிக்கொள்ளும் வயதைத் தாண்டிவிடுவாள். உங்கள் வீட்டில் இந்த வழக்கம் எப்படி நின்றது? யாராவது சொல்லி நின்றதா, தானாக நின்றதா? எழுதுங்கள். உங்கள் பதில் ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.