பின்நடைக்குக் குரல் கொடுத்தவள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் மகனே நம்பவில்லை. தனியாக இருந்து இருந்து மூளை குழம்பிவிட்டது என்று வேலை பார்க்கும் ஷென்ஜென் நகரத்திலிருந்து போனில் சிரித்தான். சிரிக்கட்டும். அன்று என் குதிகாலுக்குக் கீழே தரை இல்லை. அது எனக்குத் தெரியும்.

என் பெயர் ரான் ஷுஃபென். சீனாவில், சோங்சிங் நகரத்தில், முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டினேன். ரிட்டையர் ஆன கையோடு முட்டி போய்விட்டது. பின்னோக்கி நடந்தால் முட்டிக்கு நல்லது என்றார் டாக்டர். எங்கள் ஆற்றங்கரை மேட்டுச் சாலையில் விடிகாலையில் அப்படி நடக்கிறவர்கள் நிறையப் பேர். ஜோடி ஜோடியாகத்தான் நடப்பார்கள். ஒருவர் பின்னோக்கி நடக்க, அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் வழியைப் பார்த்துக்கொண்டே போய், கல், குழி என்று குரல் கொடுப்பார். பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள்.

எனக்கு ஜோடி கிடைக்கவில்லை. என் வாய் அப்படி. ஸ்பீக்கர் வைத்து டான்ஸ் ஆடும் பெண்கள் எல்லோரிடமும் சண்டை போட்டு முடித்திருந்தேன். போங்கடி என்று தனியாகவே நடந்தேன். பஸ்ஸையே ரிவர்ஸ் எடுத்தவளுக்கு இந்த உடம்பு எம்மாத்திரம்?

ஆனால் ஒன்று. பின்னோக்கி நடந்தால், விட்டுவிட்டுப் போவதெல்லாம் கண்முன்னால் தெரியும். பாங் கடை நூடுல்ஸ் அண்டாவின் ஆவி. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து மிளகாய் எண்ணெய் வாயில் ஒட்ட உறிஞ்சுகிறவர்கள். சந்தைப் படிகளில் மூங்கில் கம்போடு வேலைக்குக் காத்திருக்கும் சுமைகூலிகள். எல்லாம் மெல்லச் சின்னதாகி மூடுபனிக்குள் போய்விடும். வீட்டில்தான் பேச ஆளில்லை என்றால், தெருவிலுமா?

நவம்பர் மாதம். காலை ஐந்து இருபது. நீட்டிய கை தெரியாத பனி. முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"படி இருக்கு தங்கச்சி. காலத் தூக்கி வை."

வயதான பெண்குரல். பழக்கதோஷத்தில் காலைத் தூக்கி வைத்தேன். தரை சமமாகத்தான் இருந்தது. கிழவிக்குக் கண் சரியில்லை போல என்று நினைத்தேன். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. என்னைத் தங்கச்சி என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்?

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். சாப்பிட்டாயா என்று கேட்பாள். மகன் போன் பண்ணினானா என்று கேட்பாள். நான் பேசிக்கொண்டே இருப்பேன். நடுநடுவே படி என்பாள், மரக்கிளை, குனி என்பாள். அந்தச் சாலையில் படியும் கிடையாது, மரமும் கிடையாது. இருந்தாலும் சொன்னபடி செய்தேன். ரிவர்ஸில் குரல் கொடுக்கிற ஆளை நம்பாத டிரைவர் டிரைவரே இல்லை.

வளைவு வந்ததும் நின்று திரும்புவேன். யாரும் இருக்க மாட்டார்கள். பனிக்குள் முன்னால் போய்விட்டாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

நாலைந்து நாள் கழித்துத்தான் உறைத்தது. அவள் செருப்புச் சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் வேகமாக நடந்தாலும், சட்டென்று நின்றாலும், குரல் அதே தூரத்தில்தான் இருந்தது. அப்புறம் அந்த வாடை... மழையில் ஊறிய சேற்று வாடை. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

நடக்கும்போதே திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் நாளைக்கு வராமல் போய்விடுவாளோ என்று பயம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் காரணம்.

அந்தக் கடைசி நாள்.

வளைவு வந்தது. நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் வா."

போனேன். பாங் கடை விளக்கு மறைந்தது. டான்ஸ் பாட்டு கேட்கவில்லை. தெருக் கூட்டுகிறவர்களின் துடைப்பச் சத்தமும் கேட்கவில்லை.

"வா... வா... வா..."

"எங்கக்கா?"

"வீட்டுக்குத்தான்."

கண் கலங்கிவிட்டது எனக்கு.

சேற்று வாடை மூக்கை அடைத்தது. குரல் காதருகில் வந்துவிட்டது.

"வாசப்படி. பாத்து... உள்ள வா."

குதிகாலைத் தூக்கினேன்.

பின்னால் வைத்தேன்.

தரை இல்லை.

யாரோ என் கோட்டைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். முகம் குப்புற விழுந்தேன். சிராய்த்த கையோடு திரும்பிப் பார்த்தேன். புதுக்கம்பி போடுவதற்காக, போன வருஷத்திலிருந்தே உடைந்து கிடந்த பழைய தடுப்பைக் கழற்றி, வெறும் கயிறு கட்டியிருந்தார்கள். கயிறு அறுந்து தொங்கியது. கீழே, ரொம்பக் கீழே, ஆறு.

இழுத்தது மோ. சந்தைப் படியில் மூங்கில் கம்போடு நிற்கும் சுமைகூலிகளில் ஒருவன். ஐம்பது வயதிருக்கும். என் கோட்டை இன்னும் விடவில்லை.

"ஒரு வாரமா பாக்குறேன்க்கா. இல்லாத படிக்கெல்லாம் காலத் தூக்குறீங்க. அந்தப் படியெல்லாம் எங்க சந்துல இருந்துச்சு."

பாங் கடையில் உட்கார வைத்துச் சொன்னான். சாலை போடுவதற்கு முன்னால் அங்கே ஒரு சந்து. அதன் கடைசி வீட்டில் கௌ அத்தை. ஒண்டிக்கட்டை. விடிகாலையில் வாசலில் நின்றுகொண்டு, வேலைக்குப் போகிறவர்களை உள்ளே வந்து கஞ்சி குடித்துவிட்டுப் போகச் சொல்வாள். யாருக்கும் நேரமிருக்காது. ஒரு மழைக்காலத்தில், விடியும் நேரம், இவனையும் கூப்பிட்டாளாம்.

"நாளைக்கு வரேன் அத்தைன்னுட்டு ஓடிட்டேன். படி இறங்கி முடிக்கல, பின்னாடி சத்தம். திரும்பிப் பாத்தா வீடே இல்லக்கா. மண்ணோட ஆத்துல போயிடுச்சு."

என் முன்னால் வைத்த நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்று கேட்டேன். அவள் கூப்பிட்டு யாருமே உள்ளே போனதில்லையா?

மோ என்னைப் பார்க்காமல், ஆற்றுப் பக்கம் பார்த்தான்.

"போன வருஷம் ஒருத்தர் போனாரு. பென்ஷன்காரர். அவருக்கும் நடக்க ஜோடி கிடையாது."