அக்காவுக்குத் தனி டம்ளர்

அக்காவின் கழுத்துக் கட்டி புற்றுநோய்தான் என்று தெரிந்ததும், பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தோதாக இருக்கும் என்று ஓசூரில் என் வாடகை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். தளிப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தவள். அழைத்து வந்ததற்காக என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். மறுநாளே அவளுக்கென்று ஒரு டம்ளரும் தட்டும் தனியாக எடுத்து வைத்ததும் நான்தான். மனைவி மேல் பழி போடக்கூட வழியில்லை. அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். "கொழந்த இருக்கிற வீடு, எதுக்கும் இருக்கட்டும்" என்றேன். கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. சந்தேகப்பட்ட பாகத்தைச் சிவப்புத் தொட்டியில் ஒதுக்கிப் பழகிய கை, வீட்டிலும் சும்மா இருக்கவில்லை.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. குடித்த டம்ளரைத் தானே கழுவி ஜன்னலோரம் கவிழ்த்து வைப்பாள். எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் நாய்க்குப் பின்பக்கம் ரத்தம் ஒழுக ஆரம்பித்தது. பதறிப்போய் ஆட்டோ பிடித்து, மடியில் வைத்தே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் பார்த்துவிட்டு, இதுவும் புற்றுதான், ஊசி போட்டால் கரைந்துவிடும் என்றார். அவர் எடுத்த மருந்துக் குப்பியின் பெயர் எனக்குப் பழக்கமான பெயர்.

"சார், இது எங்க அக்காவுக்குப் போடற மருந்தாச்சே?"

"அதே மருந்துதான். மனுசங்களுக்குப் போடறதத்தான் இதுங்களுக்கும் போடறோம். ஆனா இது தொத்துற புற்று. மத்த நாய்ங்ககிட்ட விட்டுடாதீங்க."

என் சட்டையெல்லாம் ரத்தம். "அப்ப நமக்கு?" என்றேன்.

"நாய்கிட்டருந்து நாய்க்குத்தான் தொத்தும். உங்க அக்காவுக்கு வந்திருக்கிறது ஒரே தட்டுல சாப்பிட்டாலும் யாருக்கும் தொத்தாது சார்."

நாயைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுபோனது. தொற்றும் நோய் வந்ததை மடியில் வைத்துக் கொஞ்சுகிறேன். தொற்றாத நோய் வந்தவளை, என்னைத் தூக்கி வளர்த்தவளை, ஜன்னலோரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. டாக்டர் சொன்ன மற்றது எதுவும் காதில் ஏறவில்லை.

வீட்டில் அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. ஏதோ நல்ல சேதி கொண்டுவந்தவன் போல, "அக்கா, உன் வியாதி யாருக்கும் ஒட்டாதாம்" என்றேன்.

"தெரியும்டா. ஆஸ்பத்திரில மொத நாளே சொன்னாங்க."

"அப்புறம் ஏன்க்கா என்னை ஒரு வார்த்த கேக்கல?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"நம்ம ஊரு டீக்கடையில தனி டம்ளர் நீட்டினப்ப அப்பா குடிக்காம எழுந்து வந்துட்டாரு. அவருக்கு வர்றதுக்கு ஒரு வீடு இருந்துச்சு. நான் எழுந்து எங்கடா போறது? ஊசிக்குப் போற பஸ்ஸு இங்கிருந்துதான கெளம்புது."