மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்

விரல்கள் முதலில் புத்தகத்தின் முதுகைத் தடவிப் பார்த்தன. பழைய பசை எங்கே உதிர்ந்திருக்கிறது, எங்கே கல்லாக இறுகிப்போயிருக்கிறது என்று தெரிய வேண்டும். பிறகு ஈரத்துணியை முதுகின்மேல் போட்டு, பசை ஊறும்வரை காத்திருந்து, மழுங்கிய கத்தியால் சுரண்டின. நூலை அறுக்கவில்லை. முடிச்சைத் தேடிப் பிடித்து, ஊசிமுனையால் நெகிழ்த்தி, மெதுவாக உருவி எடுத்தன. அறுத்தால் அரை நிமிடம், அவிழ்த்தால் கால் மணி நேரம். அந்தக் கைகளுக்கு அறுப்பது பிடிக்காது.

கைகளுக்கு உரியவரை ஆஸ்பத்திரி முழுக்க ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிய நோயாளிகள் சிலர் பெயரைக் கேள்விப்பட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் அறை வாசலில் வந்து நின்றதுண்டு. ஒருவருக்கு அவர் கையிலிருந்த ஊசியின் நீளத்தைப் பார்த்ததுமே காய்ச்சல் விட்டுவிட்டது.

பதிவேட்டு அறையில் முப்பத்தோரு வருட வேலை. தைக்க யாரும் சொல்லித் தரவில்லை. பழைய பதிவேடுகளைப் பிரித்து, முன்னால் தைத்தவர் என்ன செய்திருக்கிறார் என்று பார்த்து, அதேபோல் திரும்பத் தைத்துக் கற்றுக்கொண்டார். முதலில் கையில் எடுத்தது பிரசவ வார்டுப் பதிவேடு. பதினொரு முறை பிரித்தார். பதினொரு முறையும் அந்த வருடம் பிறந்த குழந்தைகள் அத்தனை பேரும் தரையில் சிதறிக் கிடந்தார்கள்.

பதிவேட்டு வேலை போக, ஊழியர் படிப்பறையின் கிழிந்த புத்தகங்களும் அவர் மேசைக்குத்தான் வரும். அந்தப் படிப்பறைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் சில வெள்ளைத் தாள்கள் இருக்கும். படித்தவர்கள் கருத்து எழுதலாம். பெயர் போடக் கூடாது, பிரிவை மட்டும் போட வேண்டும். எழுதியதைக் கிழிக்கவோ அடிக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. இந்தக் கடைசி விதி ஊசியக்காவுடையது.

இப்போது மேசையில் கிடந்த புத்தகம் ‘ஏழாம் மாடிக் கிருமி’. எழுதியவர்: ஒரு டாக்டர். அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. ஒரு கும்பல் ஆஸ்பத்திரியின் ஏசி குழாயில் கொடிய கிருமியைக் கலந்துவிடுகிறது. டாக்டர் கதாநாயகன் ஓடி ஓடி ஊரைக் காப்பாற்றுகிறார். ஊசியக்கா எந்தப் புத்தகத்தையும் முழுதாகப் படிப்பதில்லை. பதினாறு பக்கம் சேர்ந்த ஒவ்வொரு மடிப்பின் முதல் வரியை மட்டும் வரிசை சரிபார்க்கப் படிப்பார். பதினேழாம் பக்கத்தில் டாக்டர் ஓடிக்கொண்டிருந்தார். முப்பத்துமூன்றிலும் ஓடிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்பதில் லிஃப்ட் பழுது.

கருத்துத் தாள்களை மட்டும் அவர் விடாமல் படிப்பார்.

“மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் படித்தேன். — வரவேற்பு மேசை.”

“ஏசியில் கிருமி போட ஏழு பேர் கொண்ட கும்பல் எதற்கு? எங்கள் ஏசியில் அது தானாகவே இருக்கிறது. — பராமரிப்பு.”

“நுண்ணோக்கியில் பார்த்ததுமே ‘இது எதிரி நாட்டுக் கிருமி’ என்கிறார். பாஸ்போர்ட்டைக் காட்டியதா? — லேப்.”

“முந்நூறு பக்கத்தில் நர்ஸ் ஒருமுறைகூடக் கை கழுவவில்லை. கும்பலை ஏன் குறை சொல்ல வேண்டும்? — ஆபரேஷன் தியேட்டர்.”

“நினைவில்லாமல் கிடக்கிறவர் வாயில் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார் டாக்டர். கிருமி விட்டாலும் இவர் விடமாட்டார். — தீவிர சிகிச்சை.”

அதன் கீழே வேறு மையில்: “அதுவும் ‘மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்’ என்று சொல்லி! எழுதியவர் டாக்டரே இல்லை. மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். உள்ளே இருப்பது எங்களுக்குத் தெரியும். — எக்ஸ்ரே.”

எக்ஸ்ரே சொன்னது ஊகம்தான், ஆனால் சரி. எழுதியது ஊசியக்காவின் தம்பி. கீழ்த்தளத்தில் மூன்றாம் எண் மருந்து ஜன்னலில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவர். அது அக்காவுக்கு மட்டுமே தெரியும். படிப்பறைக்கு இந்தப் பிரதியை ‘யாரோ’ அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அந்த யாரோ வாரம் தவறாமல் வந்து, வேறு எதையோ தேடுகிற மாதிரி நின்று, கருத்துத் தாள்களைப் படித்துவிட்டு முகம் கறுத்துப் போவார்.

சாப்பாட்டு இடைவேளையில் தம்பி வந்தார். புத்தகம் அதற்குள் புது நூலில் தைத்து முடிந்திருந்தது. முதுகுக்குப் பசையும் அட்டையும்தான் பாக்கி.

“அக்கா, பின்னாடி இருக்கற தாளெல்லாம் எடுத்துடு.”

“எந்தத் தாளு?”

“என்னைப் போட்டு வறுத்து வெச்சிருக்காங்களே, அந்தத் தாளு.”

“ஒரு டாக்டர் எழுதினதுன்னு இல்ல போட்டிருக்கு? உனக்கு ஏன்டா வேர்க்குது?”

“விளையாடாதக்கா. சூப்பரின்டெண்ட் அம்மா அஞ்சு மணிக்கு இதைக் கேட்டிருக்காங்களாமே? இத்தனை புத்தகம் இருக்க இது எதுக்கு? கதையில வில்லி யாரு, சொல்லு. பொம்பள சூப்பரின்டெண்ட். நரைச்ச முடி, பச்சைப் பேனா. நான் எழுதி ரெண்டு வருஷம் ஆச்சு. இவங்க வந்து மூணு மாசம்தான் ஆகுது. பச்சைப் பேனாவோட வந்து எறங்கினா நான் என்ன பண்றது?”

“பேனாவ மாத்தச் சொல்லு.”

“டாக்டர்னு வேற போட்டுத் தொலைச்சிருக்கேன். எக்ஸ்ரே எழுதினத அவங்க படிச்சாங்கன்னா என் வேலை போச்சு.”

“எழுதினத எடுக்க மாட்டேன்.” அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். “அது சரி, மயக்கமா கிடக்கிறவனுக்குப் போய் மாத்திரையா குடுப்பே?”

“நான் எங்கக்கா மயக்கமா கிடக்கிறவனப் பாத்தேன்? ஜன்னல்ல ஒரு கை வரும், சீட்டக் குடுக்கும், மாத்திரைய வாங்கிட்டுப் போகும். மயங்கினவன் கை நீட்ட மாட்டானே.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கப் பசை காய்ச்ச அடுத்த அறைக்குப் போனார். மாவுப் பசையைக் கிண்ட ஆரம்பித்தால் நடுவில் விட முடியாது, கட்டி தட்டிவிடும். திரும்ப ஆறேழு நிமிடம் ஆனது.

அதற்குள் தம்பி வேலையை முடித்திருந்தார். அக்காவின் கூர்க்கத்தியை எடுத்து, பிசிறுகூடத் தெரியக் கூடாதென்று தையலோடு ஒட்டிக் கருத்துத் தாள் நான்கையும் அறுத்தார். அறுத்த தாள்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு புத்தகத்தைத் தூக்கினார். கதையின் கடைசி நான்கு தாள்கள் நழுவித் தரையில் விழுந்தன. வில்லியின் முகமூடி கழல்கிற பக்கம் மேசைக்கடியில் போய்விட்டது. அக்கா பசைச் சட்டியோடு வந்தபோது நாவலாசிரியர் நான்கு காலில் நின்றிருந்தார்.

அக்கா சட்டியை இறக்கி வைத்தார்.

“கதையோட கடைசி நாலு தாளும் முன்னாடியே கிழிஞ்சு ஒத்தை ஒத்தையா வந்துச்சு. ஒத்தைத் தாளைத் தைக்க முடியாது, தையல் நிக்காது. அதனால ஒவ்வொண்ணுக்கும் ஒரு கருத்துத் தாளை ஒட்டி, ஜோடியா மடிச்சு, நடுவுல தைச்சேன். ஒரு பக்கம் உன் கதை, மறு பக்கம் அவங்க கருத்து. நீ அதை அறுத்தா இதுவும் வந்துடும். தெரியாமப் போச்சா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“மாத்திரை மாதிரிதான், இதுவும் தெரியல.” கையை நீட்டினார். “சட்டைக்குள்ள இருக்கறதை எடு.”

தம்பி எடுக்கவில்லை. “அக்கா, இதை இப்படியே விட்டுடேன். யாருக்குத் தெரியப் போகுது?”

“எழுதின எக்ஸ்ரே அண்ணனுக்குத் தெரியாதா? தாளைக் காணோம்னா மொதல்ல அவர் வந்து நிப்பார். தாள் போனதுல யாருக்கு லாபம்னு ஒரு கேள்வி, முடிஞ்சுது. உன் கதையில துப்பு துலக்க முந்நூறு பக்கம் ஆச்சு. இங்க மூணு நிமிஷம். எழுதினவன்னு தெரியணுமா, இல்ல வெட்டினவன்னு தெரியணுமா? ரெண்டுல ஒண்ணு தெரியத்தான் போகுது.”

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தார். நான்கு தாள்களும் கசங்கி, வியர்வையோடு வெளியே வந்தன.

ஊசியக்கா அவற்றைத் தட்டையாக நீவினார். மெல்லிய தாளில் நக அகலத்துக்குப் பட்டைகள் வெட்டி, பசை தடவி, கதையையும் கருத்தையும் பழையபடி ஜோடி சேர்த்தார். ஒவ்வொரு ஜோடியையும் விளக்குக்கு நேரே பிடித்து, வரி சாயாமல் இருக்கிறதா என்று பார்த்தார். மூன்றாவது ஜோடி ஒரு முடி அளவு சாய்ந்திருந்தது. பிரித்து மறுபடி ஒட்டினார்.

“ஒட்டின இடம் தெரியாமப் பண்ணிடுவியா?”

“தெரியும். அறுபட்டது அறுபட்டதுதானே.” நடுவில் மடித்த ஒரு புது வெள்ளைத் தாளையும் பேனாவையும் தம்பி பக்கம் தள்ளினார். “இதுவும் சேந்து உள்ள போகப் போகுது. எழுதறதுன்னா எழுது. இல்லேன்னா வெள்ளையாவே தைக்கறேன். உன் இஷ்டம்.”

முந்நூறு பக்கம் எழுதியவருக்கு அரைப் பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் மூன்றாம் எண் ஜன்னலில் வரிசை முறைக்கத் தொடங்கியிருக்க வேண்டும். எழுதி முடித்து நீட்டினார்.

“எல்லாக் கருத்தையும் படித்தேன். நான் டாக்டர் இல்லை. அப்படிப் போட்டது என் தவறு. மாத்திரை தவறு. கை கழுவாதது தவறு. கிருமிக்கு நாடு கிடையாது. வில்லியாக நினைத்தது அப்போதிருந்த சூப்பரின்டெண்ட் ஐயாவை. பயந்துபோய்ப் பெண்ணாக மாற்றினேன். பச்சைப் பேனா மட்டும் தற்செயல். — மருந்து ஜன்னல், எண் மூன்று.”

அக்கா முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தார்.

“நீ எழுதினதுலயே இதுதான் நல்லா இருக்கு.”

“நிஜமாவா?”

“யாரும் ஓடல.”

தாளைச் சேர்த்துத் தைத்து, முதுகுக்குப் பசை பூசி, துணி ஒட்டி, அட்டை போட்டு, இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் இருவரும் முதல் மாடிக்கு ஏறினார்கள். வாசலில் அக்கா புத்தகத்தைத் தம்பி கையில் வைத்தார்.

“என்கிட்ட ஏன் குடுக்கற?”

“நான் தைச்சதோட சரி.”

சூப்பரின்டெண்ட் அம்மா நிமிர்ந்து பார்த்தார். கையில் பச்சைப் பேனா இருந்தது.

“வாங்க. கதை எனக்கு வேண்டாம், பின்னாடி எல்லாரும் எழுதியிருக்காங்களாமே, அதுக்குத்தான் கேட்டேன். அடுத்த மாசம் அவசர ஒத்திகை வெச்சிருக்கோம். இந்தக் கதை மாதிரி ஏதாவது நடந்தா எங்கெங்க ஓட்டைன்னு யாரைக் கேட்டாலும் ‘எல்லாம் சரியா இருக்கு மேடம்’ங்கறாங்க. இதுலதான் உண்மையைச் சொல்லியிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்.”

“பசை இன்னும் முழுசாக் காயல மேடம்,” என்றார் ஊசியக்கா. “இன்னிக்கு ரொம்ப விரிக்காதீங்க.”

“சரிங்கம்மா. எழுதினவர் யாருன்னு யாருக்காவது தெரியுமா?”

அக்கா சுவரைப் பார்த்தார். தம்பி ஒருமுறை தொண்டையைக் கனைத்தார்.

“அதுவும் பின்னாடிதான் இருக்கு மேடம்,” என்று இரண்டு கையாலும் புத்தகத்தை நீட்டினார்.