ஹபீப் மறந்த கடவுச்சொல்

ஹபீப்புக்குத் திருச்செங்கோட்டில் வீடு. இருபத்திரண்டு வருடம் போர்வெல் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போனவர். ஹெல்பராகச் சேர்ந்து, டிரில்லராகி, கடைசியில் வண்டிக்கு மேனேஜரானார். சென்ற வருடம் ராய்ச்சூர் பக்கம் ஒரு மிளகாய்க் காட்டில் கம்ப்ரஸர் ஹோஸ் கழன்று சுழன்று அவர் தலையில் அடித்தது. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார்.

இப்போது நடக்கிறார், பேசுகிறார், தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறார். ஆனால் விபத்துக்கு முந்தைய இரண்டு வருடம் துடைத்துப் போட்டாற்போல் போய்விட்டது. வாசனை தெரியவில்லை. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மகள் தஹ்சீன் கல்லூரியில் முதலிடம் வந்ததாகச் சொன்னபோது "நல்லதும்மா" என்றார். மாமனார் மௌத்தான செய்தி வந்தபோதும் கிட்டத்தட்ட அதே குரலில்தான் "அப்படியா" என்றார். தான் அப்படி இருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்து வீட்டில் நடக்கிற சண்டையைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பதுபோல் தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தம்மம்பட்டியிலிருந்து போன் வந்தது.

"பாய், இளஞ்செழியன் பேசுறேன். ரெண்டு வருஷம் முன்னாடி என் தோட்டத்துல போர் போட்டீங்களே. பைப் உடைஞ்சு மோட்டார் உள்ள விழுந்துடுச்சு. மண்ணு சரியாம எறக்குன கேசிங் பைப் எத்தனை அடி, எந்த எடத்துல மண்ணு சரிஞ்சதுன்னு தூக்க வந்தவங்க கேக்குறாங்க. தெரியாம இழுத்தா குழியே மூடிக்குமாம். நீங்க குடுத்த சீட்டு மழையில போச்சு. நானூறு பாக்கு மரம் நிக்குது பாய்."

ஹபீப்புக்கு அந்தத் தோட்டமும் நினைவில்லை, அந்த மனிதரும் நினைவில்லை. "பாத்துச் சொல்றேங்க" என்று வைத்துவிட்டார்.

எல்லாம் லேப்டாப்பில் இருந்தது. போடுகிற ஒவ்வொரு குழிக்கும் அடி, மண், தண்ணீர் எல்லாவற்றையும் அன்றன்றே அதில் ஏற்றிவிடுவது அவர் வழக்கமாம். மனைவி நிகத்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அதை யாரும் தொடவில்லை. பொத்தானை அமுக்கினால் கறுப்புத் திரையில் ஒரு பூட்டுப் படமும் ஒரு கட்டமும் வந்து நின்றன.

"கேம்ப்புல பசங்க படம் பாக்கறேன்னு எதையோ அழிச்சுட்டாங்கன்னு நீங்கதாங்க பாஸ்வேர்டு போட்டீங்க. போன்ல சொன்னீங்க. என்னன்னு நானும் கேக்கலை" என்றாள் நிகத்.

மகள் பெயர், வண்டி நம்பர், கல்யாணத் தேதி. மூன்று முறை தப்பினால் திரை உறைந்து ஏதோ எண்ணைக் காட்டும். அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தஹ்சீன் போட்டுப் பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். இரண்டு பக்கம் நிறைந்தது. நாமக்கல்லில் ஒரு கடைக்காரர் உள்ளேயிருக்கிற சின்ன பேட்டரியைக் கழற்றி ஒரு நாள் வைத்திருந்து மாட்டினார். பூட்டு அப்படியே நின்றது. போர்டையே மாற்றிவிடலாம் என்றார், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்.

வெள்ளிக்கிழமை நிகத் அவரைச் சேலத்துக்குக் கூட்டிப் போனாள். ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் அபிநயா என்ற பெண் போர்டு வேலை பார்க்கிறாள் என்று தஹ்சீனின் தோழி சொல்லியிருந்தாள். முப்பது வயதிருக்கும். பூதக்கண்ணாடி விளக்கைத் தள்ளிவிட்டு முதலில் லேப்டாப் வாங்கிய பில்லைத்தான் கேட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. திருட்டு லேப்டாப் நிறைய வருது."

ஸ்கேன் ரிப்போர்ட் வைத்திருந்த பையிலிருந்து நிகத் பில்லை எடுத்துக் கொடுத்தாள். ஆதாரில் இருந்த பெயரோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் அபிநயா திருகாணிகளைக் கழற்றினாள்.

"இது விண்டோஸ் பாஸ்வேர்டு இல்லண்ணா. அதுக்கு முன்னாடியே, இந்தச் சிப்புல இருக்கு. உங்க ஃபைல் எல்லாம் போர்டோட ஒட்டின வேற சிப்புல இருக்கு. தனியா கழட்டிப் படிக்க முடியாது. அதனால பூட்டு இருக்கற சிப்பை மட்டும் படிச்சு, பாஸ்வேர்டு இருக்கற எடத்தை அழிச்சுட்டுத் திருப்பி எழுதணும். சில சமயம் போர்டு எந்திரிக்காமயும் போயிடும். செய்யட்டுமா?"

நிகத் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"செய்யுங்க" என்றார் ஹபீப். போனாலும் ஒன்றுதான், வந்தாலும் ஒன்றுதான் என்பதுபோல் இருந்தது அந்தக் குரல்.

எட்டுக் கால் கொண்ட, மிளகளவு சிப் அது. அதில் ஒரு கிளிப்பை மாட்டி இரண்டு முறை படித்தாள். இரண்டும் ஒன்றுதானா என்று சரிபார்த்து, பத்திரமாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே திருத்தி எழுதினாள். பொத்தானை அமுக்கியதும் வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வெளிச்சம் வந்தது.

முகப்பில் ஒரு படம். ரிக் வண்டிக்கு முன்னால், பீய்ச்சியடிக்கும் தண்ணீரில் நனைந்து சேறும் சகதியுமாக ஒருவர் வாயெல்லாம் சிரிப்பாக நின்றார். நிகத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இது நாந்தானே?" என்று கேட்டார் ஹபீப்.

"ஆமாங்க."

இளஞ்செழியன் என்று தேடியதும் வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து போன் போட்டார். "மொத்தம் எண்ணூத்தி அறுவது அடிங்க. கேசிங் நூத்தி இருவது. நானூத்திப் பதினஞ்சுல மண்ணு லூசா இருக்கு, அந்த எடத்துல மெதுவா இழுக்கச் சொல்லுங்க."

"புதுசா பாஸ்வேர்டு வச்சுத் தரட்டுமாண்ணா?" என்றாள் அபிநயா. வேண்டாம் என்றார்.

மறுநாள் சாயங்காலம் மோட்டார் மேலே வந்துவிட்டதாக இளஞ்செழியன் கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது. "சந்தோசங்க" என்றார் ஹபீப். சொல்ல வேண்டிய சொல் அதுதான் என்று தெரிந்து சொன்னார்.

அதன்பிறகு அவர் தினமும் அந்தப் பதிவுகளைப் படித்தார். ஒவ்வொரு குழியின் விவரத்துக்கும் அடியில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. பெரும்பாலும் காலி. ஓமலூர் பக்கத்து ஒரு குழிக்கு மட்டும் இப்படி இருந்தது: "1,100 அடி. தண்ணீர் இல்லை, புழுதிப் புகைதான் வந்தது. அந்தம்மா அப்பவும் டீ போட்டுக் கொண்டுவந்தாங்க. குடிக்க முடியவில்லை."

அவர் அதை நிகத்திடம் காட்டினார். "ஏன் குடிக்க முடியலை?"

நிகத் படித்தாள். "மனசு கேட்டிருக்காதுங்க."

ஹபீப் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். எழுதியவர் நல்ல மனிதராக இருந்திருப்பார் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது.

விஷயம் கேள்விப்பட்டு ரிக் முதலாளி வீட்டுக்கு வந்தார். மற்ற வண்டிகளின் பழைய விவரமெல்லாம் சீட்டாகக் கிடக்கிறது, ஆபீசில் உட்கார்ந்து ஏற்றிக் கொடுத்தால் போதும் என்றார். இப்போது ஹபீப் பத்து மணிக்குப் போய் நான்கு மணிக்கு வருகிறார். விவசாயிகள் போன் செய்தால் தேடி எடுத்து அடியைச் சொல்கிறார், தப்பு வருவதில்லை.

"இன்னைக்கு எப்படிங்க இருந்துச்சு?" என்று தினமும் நிகத் கேட்கிறாள்.

"இருந்துச்சு" என்கிறார். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போய்க் கைகால் கழுவுகிறார்.