சட்டைக் கையை மடிக்கச் சொன்ன நாள்

அந்தப் பட்டறையில் நான் முதலில் செய்த வேலை ஒரு பலகை எழுதியது. பிளைவுட்டில் வெள்ளை எனாமல் பூசி, அதன்மேல் கறுப்பில் பத்து விதிகள். பள்ளிக்கூடக் கதிரைகள் செய்யும் ஒப்பந்தத்தை முதலாளிக்குக் கொடுத்த நிவாரண நிறுவனம் இரண்டு விஷயங்களைக் கேட்டிருந்தது. இயந்திரம் ஓடும் இடத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். பாதுகாப்பு விதிகள் சுவரில் தெரிய வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழோடு அலைந்துகொண்டிருந்த எனக்கு அதனால்தான் வேலை கிடைத்தது. ஒரு பெண்ணை மரப்பட்டறைக்குள் விட அவர்களுக்கு வேறு காரணம் இருக்கவில்லை.

பட்டறை ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே, உள்துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் இருந்தது. பாண்ட் சோ இயந்திரம் வாசலோடு நின்றது. மேலே ஒரு சில்லு, கீழே ஒரு சில்லு. இரண்டையும் சுற்றி ஓடும் பல் வைத்த இரும்பு நாடா. அதைத்தான் பிளேட் என்போம். கதிரையின் வளைந்த பின்கால்களை அதில்தான் வெட்டலாம். பல்ப் வெளிச்சத்தை நம்ப ஏலாத காலம் என்பதால், பகல் வெளிச்சம் விழும் வாசலில் முதலாளி அதை வைத்திருந்தார். வாசலுக்கு நேரெதிரே, ரோட்டின் மறுபக்கம், மணல்மூட்டை அடுக்கிய ஆமிக் காவல் சென்றி. இரண்டையும் முதல் நாளே பார்த்தேன். சேர்த்துப் பார்க்கவில்லை.

இயந்திரத்தை ஓட்டியவர் கட்டைபறிச்சான் ஊர் ஆள். முப்பது வயதிருக்கும். கிழமை நாட்களில் பட்டறையின் பின்னறையில் தங்குவார்; சனிக்கிழமை மூதூர் லோஞ்சில் கடல் கடந்து வீட்டுக்குப் போவார். நான் அவரை அண்ணை என்றேன். அவர் என்னை மிஸ் என்றார், கொஞ்சம் நக்கலாக. வேலையில் சுத்தம். பிளேட்டின் இறுக்கத்தை விரலால் தட்டிப் பார்ப்பார். காப்புத் தகட்டை மரத்துக்கு அரை அங்குலம் மேலே நிற்கும்படி இறக்கி வைப்பார். சின்னத் துண்டுகளைக் கையால் தள்ளவே மாட்டார். அதற்கென்று ஒரு தள்ளுகட்டை செய்து வைத்திருந்தார். பத்தில் ஒன்பது விதிகள் நான் எழுதுமுன்பே அவரிடம் இருந்தன.

மூன்றாவது மட்டும் இல்லை. "சட்டைக் கை முழங்கைக்கு மேல் மடித்திருக்க வேண்டும்." எந்த வெயிலிலும் அவர் முழுக்கைச் சட்டையோடு நின்றார். இடது கையில் பொத்தான் கழன்றுபோய், துணி தொங்கி மேசையில் உரசிக்கொண்டிருந்தது.

"அண்ணை, கையை மடியுங்கோ."

"மிஸ், இந்த மெஷினுக்கு என்னைத் தெரியும். கடிக்காது."

"அதுக்கு ஒருத்தரையும் தெரியாது."

"உங்களைத் தெரியாமலிருக்கிறது நல்லம். தெரிஞ்சா பயத்தில ஓடாமல் நிண்டிடும்."

பட்டறை ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு பழந்துணியைக் குச்சியின் நுனியில் சுற்றி, ஓடுகிற பிளேட்டுக்குக் கிட்டே கொண்டுபோனேன். கண் இமைக்குமுன் துணி மேசைப் பிளவுக்குள் போனது, குச்சியும் பறந்தது. சிரிப்பு நின்றது. பிளவுக்குள் மாட்டியிருந்த துணியை அவர் கனநேரம் பார்த்தார்.

"விளங்குது மிஸ். ஆனா ஏலாது."

"ஏன் ஏலாது?"

அவர் அடுத்த மரத்தை எடுத்துக் கோட்டைப் பார்த்தார். ஆண்பிள்ளை வீம்பு என்று நினைத்தேன். நான் உப்புவெளியில் வளர்ந்தவள். சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் ஆண்களின் உடம்பில் எதைத் தேடுவார்கள் என்று அறியாதவள் அல்ல. தூசும் மரவாசமும் உள்ள அந்தக் கொட்டகைக்குள் நின்றபோது எனக்கு என் பலகை மட்டும்தான் தெரிந்தது.

"அப்ப நாளைக்கு நீங்கள் மெஷினைத் தொட வேண்டாம். நிறுவனத்துக்காரர் பாக்க வருவினம்."

மறுநாள் காலை இரண்டு கையையும் முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு வந்து நின்றார்.

இடது முன்கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சுருங்கிப்போய், சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கை யாரோ இழுத்துவிட்டதுபோல இருந்தது. ஒரு இடத்தில் சதையே இல்லை. எதிரே சென்றியில் நிற்கிறவர்கள் இதைச் சண்டையில் பட்ட காயம் என்றுதான் எடுப்பார்கள் என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது.

"மடிச்சிட்டன் மிஸ். போதுமோ?"

இறக்கிவிடுங்கோ என்று சொல்ல நேரம் இருந்தது. நான் யோசித்துக்கொண்டு நின்றேன். எல்லோருக்கும் முன்னால் போட்ட விதியை எல்லோருக்கும் முன்னால் எப்படி எடுப்பது என்று யோசித்தேன். அந்த நேரத்துக்குள் அவர் நாலு பின்கால்கள் வெட்டிவிட்டார். ஐந்தாவதில் பாதியில் சென்றியிலிருந்து இரண்டு பேர் ரோட்டைக் கடந்து வந்தார்கள்.

ஒருவன் அவர் கையைத் திருப்பிப் பார்த்தான். மற்றவன் தோளில் பிடித்து இழுத்தான். அவர் மற்றக் கையால் சுவிட்சை நிறுத்தினார். நிறுத்தியும் நகரவில்லை. சில்லுகள் சுற்றி ஓயும்வரை, பிளேட் முழுதாக நிற்கும்வரை, இழுக்க இழுக்க அந்த இடத்திலேயே நின்றார். அது ஒன்பதாவது விதி. அதற்குப் பிறகுதான் போனார்.

அன்று என் கொப்பியில் போக வேண்டிய இடங்களை எழுதினேன். ஆமி முகாம் வாசல். பொலிஸ். கிராம சேவகர். கோயில் ஐயர். நிவாரண நிறுவனத்தின் கந்தோர். மூன்று நாளில் எல்லாவற்றுக்கும் நேரே கோடு போட்டாயிற்று. முகாம் வாசலில் அப்படி ஒருவர் அங்கே இல்லை என்றார்கள். இரண்டாம் நாள், நாளைக்கு வா என்றார்கள். இல்லாத ஆளுக்கு ஏன் நாளைக்கு வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அன்றிரவு சாப்பிட்டேன்.

அவருடைய மனைவி இடுப்பில் பிள்ளையோடு லோஞ்சில் வந்தா. முதலாளி கதிரை போட்டுக் கொடுத்தும் அதில் இருக்கவில்லை.

"வயலில ஷெல் விழுந்த காயம் அது. வீட்டிலயும் மூடித்தான் வச்சிருப்பார், பிள்ளை பயப்பிடும் எண்டு. இஞ்ச ஏன் மடிச்சவர்?"

"நான்தான் மடிக்கச் சொன்னனான்."

அவ என்னை ஏசவில்லை. சுவரில் இருந்த பலகையை மேலிருந்து கீழாக வாசித்தா. அவவுக்கு வாசிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

நாலாம் நாள் முகாமிலிருந்து ஒரு அதிகாரி மொழிபெயர்க்கிறவரோடு பட்டறைக்கு வந்தார். முதலாளி என் பக்கத்தில் நின்று, "மகள், பாத்துக் கதை" என்று மெல்லச் சொன்னார்.

"அந்த ஆள் இந்த மெஷின் வெட்டினது எண்டு சொல்றான்," என்றார் மொழிபெயர்க்கிறவர். "நீங்கள் படிச்ச ஆளாம். இது அப்பிடி வெட்டுமா எண்டு ஐயா கேக்கிறார்."

வெட்டாது. பாண்ட் சோ நேராக, மெல்லிசாக அறுக்கும். விரலை எடுக்கும், சதையை உருக்கிச் சுருக்காது. இதை எந்தப் பரீட்சையிலும் எழுதியிருப்பேன். ஆணியில் தொங்கிய அறுந்த பிளேட் ஒன்றை எடுத்தேன். சுருளை அவிழ்த்ததும் அது அதிகாரியின் சப்பாத்துவரை துள்ளி நீண்டது. அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"ஓடேக்க இது அறுந்தா சாட்டை மாதிரி வெளிய வரும். சில்லுக்கு மூடி இல்லாட்டி கையில சுத்திச் சதையைக் கிழிக்கும். பிறகு காயம் சீழ் பிடிச்சா தழும்பு இப்பிடித்தான் வரும்."

"எப்ப நடந்தது?"

அண்ணை உள்ளே என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் பிசகினாலும் முடிந்தது.

"நான் வர முதல். அதாலதான் என்னை வேலைக்கு எடுத்தவை. அதாலதான் இந்தப் பலகை."

அதிகாரி பலகையைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எத்தனை விதி என்று எண்ணினார்போலும், விரல் அசைந்தது. பிறகு மெஷினைப் போடச் சொன்னார். நான் சுவிட்சைப் போட்டேன். அதிகாரி கொஞ்ச நேரம் பிளேட் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் அண்ணை வந்தார். வேறு யாருடையதோ முழுக்கைச் சட்டை, இரண்டு பக்கமும் பொத்தான் பூட்டியிருந்தது. நேரே இயந்திரத்துக்குப் போய், கோடு கீறி வைத்திருந்த ஒரு பின்கால் மரத்தை எடுத்தார். மரத்தின் நுனி மேசையில் தட்டிக்கொண்டே இருந்தது. கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. மரத்தை மேசையில் அழுத்திப் பார்த்தார், அப்போதும் நிற்கவில்லை.

"மூண்டாவது எங்க மிஸ்?"

"வெள்ளை பூசிட்டன்."

"அப்ப ஆறாவதுக்கும் பூசுங்கோ. எனக்கு இந்த வேலை வேணும்."

ஆறாவது விதி: கை நடுக்கம் உள்ளவர் இயந்திரத்தை ஓட்டக் கூடாது.

பூசுகிறேன் என்று வாய்வரை வந்தது. அவருக்காக நான் எந்தப் பொய்யும் சொல்லியிருப்பேன். அதிகாரிக்குச் சொன்னேன், இன்னொரு முறையும் சொல்வேன். ஆனால் பிளேட்டுக்குச் சொல்ல முடியாது. மரத்தை அவர் கையிலிருந்து வாங்கினேன். பழைய சைக்கிள் ரியூப்பில் இரண்டு வளையம் வெட்டி, அவருடைய மணிக்கட்டுகளில் சட்டைத் துணியின்மேல் இறுக்கமாகப் போட்டேன். ஒரு நூலும் தொங்கவில்லை. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம். யாராவது கேட்டிருந்தால், ஏன் ஏலாது என்று நான் இன்னும் ஒருமுறை மெதுவாகக் கேட்டிருந்தால்.

"நான் வெட்டுறன் அண்ணை. நீங்கள் அந்தப் பக்கம் நிண்டு மரத்தை வாங்குங்கோ. இழுக்கக் கூடாது."

"தெரியும்," என்றார். மிஸ் என்று சொல்லவில்லை.

ஒப்பந்தம் முடியும்வரை அப்படித்தான் வேலை செய்தோம். அவர் வாசலுக்கு முதுகு காட்டி நின்றார். வெட்டுகிறவர் கோட்டை மட்டும்தான் பார்க்க வேண்டும். மறுபக்கத்தில் நீண்டிருந்த அந்த இரண்டு கைகளைப் பார்க்காமல் வெட்டப் பழக எனக்குக் கனநாள் எடுத்தது.