எல்லை தாண்டிய இஞ்சி டீ

ஞாயிற்றுக்கிழமை என்றால், சரக்கு மலிவு என்று குடிப்பதற்கென்றே எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காரைக்காலுக்குப் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். குடிக்காமல் இருப்பதற்காக இங்கிருந்து நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறியவன் நான். தெரிந்தால் ஊரே சிரிக்கும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். ஒரு நாள் காலையில் கை நடுங்கி, ஒரே படிவத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். அன்றைக்கே மனைவி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"மாத்திர நடுக்கத்தத்தான் நிறுத்தும். குடிய நிறுத்தணும்னா கூட்டத்துக்குப் போங்க. குடிய விட்டவங்களே ஒண்ணா உக்காந்து பேசுறது. இங்கயும் இருக்கு, நாகப்பட்டினத்துலயும் இருக்கு" என்றார் டாக்டர்.

நாகப்பட்டினம் என்று உடனே சொன்னேன். பட்டப்பகலில் கடை வாசலில் விழுந்து கிடந்தபோது வராத வெட்கம், திருந்தப் போகிறேன் என்று நாலு பேருக்குத் தெரிவதில் வந்தது. என் புத்தி அப்படி. மனைவிக்கும் அதே பயம். "நீங்க விழுந்து கெடந்தத இப்பத்தான் தெரு மறந்துச்சு, நானும் தலை நிமிந்து நடக்குறேன். அதக் கெடுத்துடாதீங்க" என்றாள். நாகப்பட்டினத்தில் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு உடம்பு முடியவில்லை, பார்க்கப் போகிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியும் வைத்தாள். அப்படி ஓர் அண்ணன் எனக்குக் கிடையாது.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட அறையில் நடக்கும். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். என் முறை வந்தால் பெயரோடு உட்கார்ந்துவிடுவேன். அடுத்த வார்த்தை தொண்டையைத் தாண்டாது. ஏழு வாரம் இப்படியே போனது. யாரும் வற்புறுத்தவில்லை. எட்டாவது வாரம், மீன்பிடிப் படகு வைத்திருக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பேச வரலன்னா இருக்கட்டும்ண்ணே. அடுத்த வாரத்துலேர்ந்து டீ ஒங்க பொறுப்பு."

புதிதாக வருகிறவரிடம் டீயை ஒப்படைப்பது அங்கே வழக்கம். பக்கத்து டீக்கடைக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வதைக்கூட என்னிடம் விடாத வீடு எங்களுடையது. அப்படிப்பட்டவனை நம்பி இருபது பேர் தொண்டை காயக் காத்திருப்பார்கள் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்! பெரிய எவர்சில்வர் ஃபிளாஸ்க் ஒன்று வாங்கினேன். மனைவியை அடுப்புப் பக்கம் விடாமல் நானே இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தேன்.

எல்லையில் சோதனைச் சாவடி. சரக்குக் கடத்துகிறவர்கள் தண்ணீர் பாட்டில், டிபன் கேரியர் என்று எதில் வேண்டுமானாலும் ஊற்றிக்கொண்டு போவார்கள். பஸ்ஸில் ஏறிய போலீஸ்காரர் என் மடியில் இருந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்து நின்றார்.

"என்னய்யா இது?"

"டீங்க சார்."

"இவ்ளோ டீயா? யாருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து எங்கள் தெருக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார். "நல்லா மோந்து பாருங்க சார். இவர எங்களுக்குத் தெரியாதா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. எழுந்து நின்று, மூடியைத் திருகி, போலீஸ்காரர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"மோந்து பாருங்க சார், இஞ்சி டீ. நான் ஒரு குடிநோயாளி. குடிய விட்டு ரெண்டு மாசம் ஆவுது. என்னைய மாதிரி இருபது பேரு நாகப்பட்டினத்துல கூட்டம் போடுறோம். அவங்களுக்குத்தான் இது. இன்னும் யாருக்காவது மோந்து பாக்கணுமா?"

சிரிப்பு நின்றது. போலீஸ்காரர் முகர்ந்து பார்த்து, மூடியைத் தாமே திருகிக் கொடுத்தார். "உக்காருங்கண்ணே" என்றார். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எட்டு வாரமாகத் தொண்டையைத் தாண்டாத வார்த்தையை அத்தனை பேர் நடுவில் கத்தியிருக்கிறேன். அன்று கூட்டத்தில் என் முறை வந்தபோது அது தானாக வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். என் டீயையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் மனைவியின் முகம்தான் கண்முன் நின்றது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கெடுத்துவிட்டேன். பின் சீட்டுக்காரர் சும்மா இருந்திருப்பாரா? தெருமுனையிலேயே பக்கத்து வீட்டு அம்மாவின் குரல் கேட்டது.

"ஒங்க வீட்டுக்காரரு பஸ்ஸுல என்னமோ சொன்னாராமே?"

அங்கேயே நின்றுவிட்டேன். மனைவி எங்கள் வாசல்படியிலிருந்து தெருவில் இறங்கி நின்றாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஆமா. குடிய விடுற கூட்டத்துக்குப் போறாங்க. இருபது பேருக்கு டீ கொண்டு போறாங்க. நாந்தான் போட்டுக் குடுத்து அனுப்புறேன்."

என் மனைவியை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. ஆனால் டீ விஷயத்தில் அவள் சொன்னது பச்சைப் பொய். அடுத்த ஞாயிறு நான் எழுந்து சமையலறைக்குப் போனபோது, எனக்கு முன்னால் அவள் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள்.