பிரிக்காத பூப்பொட்டலம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தோம். இரண்டு முறை கரு கலைந்த பிறகு, முப்பத்தொன்பது வயதில் மறுபடியும் உண்டானேன். சந்தோஷத்தை விடப் பயம்தான் அதிகம்.

மருத்துவமனையில் என் வயதைப் பார்த்துவிட்டு, வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்துப் பரிசோதிக்கலாம், யோசித்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். “டாக்டர் சொன்னா செஞ்சிட வேண்டியதுதான் லா” என்றார் என் கணவர். விஷயம் கேள்விப்பட்டுக் கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார் அண்ணி, அதாவது கணவரின் அக்கா. “வயித்துல ஊசியா? அதெல்லாம் ஒன்னும் வேணாம்” என்று ஒரே பிடியாக நின்றார். அக்காவும் தம்பியும் மல்லுக்கட்டினார்கள். வயிறு என்னுடையது என்பதே இருவருக்கும் மறந்துபோனது.

கடைசியில் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதென்று சமாதானமானார்கள். வெள்ளைப் பூ வந்தால் ஊசி, சிவப்பு வந்தால் வேண்டாம். அம்மன் காலடியில் வைத்திருந்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். பிரித்துப் பார்க்க அண்ணி கையை நீட்டினார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, பொட்டலத்தைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன்.

“என்ன ஊசி, எதுக்கு ஊசின்னு எனக்கே இன்னும் தெரியல. ஒன்னும் தெரியாம சாமிகிட்ட என்னத்த கேக்கிறது அண்ணி? மொதல்ல டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரேன்.”

அதுவரை அண்ணியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சன்னதி என்றும் பாராமல் முறைத்தார்.

மறுவாரம் எங்களைப் பார்த்தவர் ஒரு மலாய்க்காரப் பெண் டாக்டர். அவரும் என் கணவரின் முகத்தைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். நான் நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தெரிந்த மலாயில் கேட்டேன். இந்த ஊசியால் என்ன தெரியும், என்ன தெரியாது? பிள்ளைக்கு ஆபத்து உண்டா? நான் வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வீர்களா?

பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். டவுன் சிண்ட்ரோம் போன்ற சிலது தெரியவரும், எல்லாக் குறையும் தெரியாது. அபூர்வமாக ஊசியாலேயே கரு கலைவதும் உண்டு. செய்வதும் விடுவதும் உங்கள் விருப்பம், புவான் என்று என்னைத்தான் மரியாதையாக அழைத்துச் சொன்னார்.

எனக்கு மனசு தெளிந்துவிட்டது. எப்படிப்பட்ட பிள்ளை வந்தாலும் நான் பெற்று வளர்க்கப் போகிறேன். அப்படியிருக்க, முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்காக இந்தக் கருவையும் பணயம் வைக்க மாட்டேன். வேண்டாம் என்றேன். கணவர் என் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

விஷயம் தெரிந்ததும் அண்ணிக்கு வாயெல்லாம் பல். “நான் சொல்லல? அம்மா செவப்புதான் குடுத்திருப்பா. பிரிச்சுப் பாரேன்!”

“வெள்ளையா இருந்தா மட்டும் ஊசி போட விட்டிருப்பீங்களா அண்ணி? இது நான் கேட்டுத் தெரிஞ்சு எடுத்த முடிவு.”

பொட்டலத்தைப் பிரிக்காமலே துளசிச் செடியடியில் போட்டேன்.

மகள் பிறந்தாள். நல்லபடியாக இருக்கிறாள். அதனால்தான் என் முடிவு சரியென்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சலாக வரும். அவள் வேறு மாதிரி பிறந்திருந்தாலும் அது என் முடிவுதான். பின்னாளில் உடன் வேலை பார்த்த பெண் ஒருத்தி எல்லாம் கேட்டறிந்து அந்த ஊசியைப் போட்டுக்கொண்டாள். அவள் செய்ததும் சரிதான்.

“செய்யலாமா, வேணாமா அக்கா?” என்று இன்றும் யாராவது கேட்டால், நான் இரண்டையும் சொல்வதில்லை, நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார் என்று மட்டும்தான் சொல்கிறேன்.